‘ஏர்ல்’ என்ற ஒற்றைச் சொல் போதாது: இடைக்கால கேலிக் பிரபுக்களைப் பற்றிப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1130ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிழக்கே ஸ்ட்ராகாத்ரோ என்ற இடத்தில் ஒரு போர் நடந்தது. வடக்கிலிருந்து மரே நாட்டுப் படையை நடத்தி வந்த ஓங்குஸ் அதில் மாண்டார். அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் அவரை மரேயின் ‘ரீ’ என்று சொல்கின்றன. ‘ரீ’ என்றால் கேலிக் மொழியில், அதாவது அன்று அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் பெரும்பகுதியிலும் பேசப்பட்ட மொழியில், அரசர். நார்மண்டி மடாலயத்தில் இருந்துகொண்டு லத்தீனில் வரலாறு எழுதிய ஆர்டெரிக் விட்டாலிஸ் அதே மனிதரை ‘கோமெஸ்’ என்கிறார். அந்தச் சொல்லைத்தான் ஆங்கிலத்தில் ஏர்ல், அதாவது அரசருக்கு அடுத்த நிலையில் உள்ள பெரும் பிரபு, என்று பெயர்க்கிறார்கள். மனிதர் ஒருவர், சாவும் ஒன்று, பட்டம் மட்டும் இரண்டு.

இரண்டில் எது சரி என்று கேட்பதே முதல் தவறு. இரண்டும் சரி. மரே மக்களுக்கும் ஐரிஷ் குறிப்பாளருக்கும் அவர் அரசர். ஸ்காட்லாந்து முழுவதற்கும் ஒரே அரசர், அவர் டேவிட், என்று கருதியவர்களுக்கு அவர் அந்த அரசருக்குக் கீழ்ப்பட்ட பிரபு. எந்த மொழியில், யார் பார்வையில் பட்டம் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் இந்தச் சமூகத்தைப் படிக்கவே முடியாது. கீழே சொல்லப்போகும் தவறுகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

தமிழில் எழுதுவோருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஒரு மாகாணத்துக்குத் தலைவராக இருந்தவருக்குக் கேலிக் மொழியில் மோர்மேர் என்று பெயர். பல ஆண்டுகளுக்கு முன் என் குறிப்பேட்டில் ‘மோர்மேர் – ஜமீன்தார்’ என்று எழுதி வைத்திருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு ‘சிற்றரசர்’ என்று மாற்றினேன். இரண்டும் பிழை. ஜமீன்தார் என்ற சொல்லைக் கேட்டதும் அரசுக்கு வரி வசூலித்துக் கட்டிய நிலவுடைமையாளர் நம் மனக்கண்ணில் வந்து நிற்கிறார். மோர்மேர் அப்படிப்பட்டவர் அல்லர். சிற்றரசர் என்றாலோ அவர் அரசர் என்ற வகைக்குள் போய்விடுகிறார். ஆனால் கேலிக் ஏடுகள் அரசரையும் மோர்மேரையும் பிரித்தே பேசுகின்றன. 918ஆம் ஆண்டு டைன் ஆற்றங்கரையில் நடந்த போரைப் பற்றிய குறிப்பு, ஆல்பா நாட்டார் தரப்பில் அரசரோ மோர்மேரோ எவரும் வீழவில்லை என்கிறது. ஆல்பா என்பது ஸ்காட்லாந்துக்கு அம்மக்கள் வைத்த பெயர். மோர்மேர் என்ற பட்டம் ஏடேறியதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. அதிலேயே அரசர் வேறு, மோர்மேர் வேறு. ஆகவே மோர்மேர், ரீ, தோஷெக் (குலத்தை முன்னின்று நடத்துபவர்) ஆகிய சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி, முதல் முறை வரும்போது விளக்கிவிடுவதே நல்லது. இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

மோர்மேர் என்ற சொல்லின் பின்பாதியான ‘மேர்’ மேலாளரைக் குறிப்பது. லத்தீன் ‘மையோர்’ என்பதிலிருந்து வந்தது. முன்பாதி ‘பெரிய’ என்ற பொருளுடையதா ‘கடல்’ என்ற பொருளுடையதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கடல் என்று கொண்டால் கரையோரக் காவலர் என்ற பொருள் கிடைக்கும். வைக்கிங் தாக்குதல்கள் நடந்த காலத்துக்கு அது பொருந்தும் என்பது ஒரு தரப்பின் வாதம். பெரும்பாலோர் ‘பெரிய மேலாளர்’ என்பதையே ஏற்கிறார்கள்.

ஏர்ல்கள் ஒரே நாளில் உருவானார்கள் என்று நம்புவது

இந்தத் தவறுக்கு ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகம் பெரிய காரணம். நாடகத்தின் முடிவில் வெற்றி பெற்ற மால்கம், தன் ‘தேன்’களும் (நாடகத்தில் இது பிரபுக்களின் பழைய பட்டம்) உறவினர்களும் இனி ஏர்ல்கள் என்றும், ஸ்காட்லாந்து அப்பட்டத்தைக் காண்பது இதுவே முதல் முறை என்றும் அறிவிக்கிறார். கல்லூரியில் அதைப் பாடமாகப் படித்தவர்கள் 1057ஐ ஒட்டி ஒரு நாள் காலையில் பழைய பட்டங்கள் ஒழிந்து புதிய பட்டங்கள் வந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி ஒரு நாள் வரவே இல்லை. இதற்கான சான்று டீர் ஏட்டில் இருக்கிறது. டீர் என்பது அபர்டீன் பகுதியில் பக்கன் மாகாணத்தில் இருந்த ஒரு சிறு மடாலயம். அங்கிருந்த பழைய நற்செய்தி ஏட்டின் வெற்றிடங்களில் 12ஆம் நூற்றாண்டில் துறவிகள் தங்களுக்கு வந்த நிலக்கொடைகளைக் கேலிக் மொழியில் எழுதி வைத்தார்கள். அந்த ஏடு இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ஒரு கொடை டேவிட் அரசரின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 1131–32இல், பக்கனின் கார்த்நைத்தும் அவர் மனைவி ஏத்தேயும் கொடுத்தது. அதற்குச் சாட்சியாக நிற்பவர்களில் ஒருவர் ருவாத்ரி. ஏடு அவரை மார் மாகாணத்தின் மோர்மேர் என்கிறது. அதே தலைமுறையின் லத்தீன் அரச பட்டயங்களில் ‘ரோத்ரி கோமெஸ்’ என்று ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் பட்டியலில் வருகிறார். அவரும் இவரும் ஒருவரே. மடாலயத்துத் துறவி தாய்மொழியில் எழுதும்போது மோர்மேர், அரசவை எழுத்தர் லத்தீனில் எழுதும்போது கோமெஸ். ருவாத்ரி எந்த நாளிலும் பழைய பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் புதியதை அணிந்துகொள்ளவில்லை.

மாற்றம் ஏதும் நிகழவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மாற்றம் நிகழ்ந்தது; மெதுவாக, மாகாணத்துக்கு மாகாணம் வேறு வேறு வேகத்தில் நிகழ்ந்தது. ஃபைஃப் மாகாணம் முந்திக்கொண்டது: 1130களிலேயே டேவிட் அரசரிடமிருந்து பட்டயத்தின் வழி, நிலமானியமாக, அதன் தலைவர் டன்கன் அதைப் பெற்றுக்கொண்டார். ஸ்ட்ராதர்ன் போன்ற மாகாணங்களின் தலைவர்கள் நெடுங்காலம் பழைய வழியிலேயே நின்றார்கள். 1138இல் வட இங்கிலாந்தில் நடந்த கொடிக்கம்பப் போருக்கு முன், கவசம் பூண்ட நார்மன் வீரர்களை முன்னணியில் நிறுத்த அரசர் எண்ணியபோது, ஸ்ட்ராதர்ன் தலைவர் மேல் ஈசு கொதித்தெழுந்ததாக ஏல்ரெட் என்ற துறவி எழுதியிருக்கிறார். கவசமே இல்லாத தன்னைக் கவசம் அணிந்த எவரும் இன்று முந்த முடியாது என்று அவர் அரசரின் முகத்துக்கு நேரே சொன்னாராம். 1160இல் அவர் வழிவந்த ஃபெர்தெத், வேறு ஐந்து ஏர்ல்களுடன் சேர்ந்து, பெர்த் நகரில் நான்காம் மால்கம் அரசரையே முற்றுகையிட்டார். லத்தீன் பதிவுகள் இவர்களையும் கோமெஸ் என்றே குறிக்கின்றன. அந்தச் சொல்லை மட்டும் பார்த்து, ‘அரசரின் கைக்கு அடங்கிய நிலப்பிரபு’ என்று முடிவுகட்டியவர் ஏமாந்துபோவார்.

டீர் ஏட்டைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. அதன் முதல் குறிப்பு, 6ஆம் நூற்றாண்டுப் புனிதர் கொலம்பாவுக்குப் பக்கனின் மோர்மேர் பெடே என்பவர் நிலம் கொடுத்ததாகச் சொல்கிறது. நோயுற்ற மகன் பிழைத்ததற்கு நன்றிக்கடனாகக் கொடுத்தாராம். அழகான கதை. ஆனால் அது 12ஆம் நூற்றாண்டுத் துறவிகள் தங்கள் காலத்துப் பட்டத்தை 600 ஆண்டுகள் பின்னுக்கு எடுத்துச் சென்று சூட்டியது. அதை வைத்து 6ஆம் நூற்றாண்டில் மோர்மேர்கள் இருந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாது.

ஏர்லின் மாகாணத்தை ஏர்லின் சொத்தாக எண்ணுவது

வரைபடங்கள் செய்யும் தீங்கு இது. ஃபைஃப், ஸ்ட்ராதர்ன், ஏத்தல், ஆங்கஸ், மார், பக்கன், மென்டீத், லெனக்ஸ், ராஸ் என்று ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு வண்ணம் தீட்டிவிடுகிறார்கள். அந்த வண்ணத்துக்குள் உள்ள நிலமெல்லாம் ஏர்லுக்குச் சொந்தம் என்று கண் நம்பிவிடுகிறது.

டீர் ஏட்டின் துறவிகளுக்கு இதில் குழப்பமே இருக்கவில்லை. ஒரே ஊரில் அரசரின் பங்கு, மோர்மேரின் பங்கு, தோஷெக்கின் பங்கு என்று மூன்று தனித்தனிப் பங்குகளை அவர்கள் எழுதுகிறார்கள். இரண்டாம் மால்கம் அரசர் ஓர் ஊரில் ‘அரசரின் பங்கை’ மடாலயத்துக்குக் கொடுத்தார் என்று ஒரு குறிப்பு. அப்படியானால் அவ்வூரின் மற்றப் பங்குகள் மற்றவர்களிடமே இருந்தன. அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக மனம் வைத்தால்தான் ஊர் முழுவதும் கடமைகளிலிருந்து விடுபட்டு மடாலயத்துக்கு வரும். இங்கே பங்கு என்பது நிலத்தின் ஒரு துண்டு என்பதைவிட, நிலத்திலிருந்து வரும் உரிமை என்பதுதான் பொருத்தம். தானியமும் கால்நடையும் பாலாடைக்கட்டியுமாகச் செலுத்தும் திறை, சுற்றி வரும் தலைவருக்கும் பரிவாரத்துக்கும் விருந்தளிக்கும் கடமை, படைக்கு ஆள் அனுப்பும் கடமை எல்லாம் அதில் அடங்கும். திறையைக் ‘காயின்’ என்றும் விருந்துக் கடமையைக் ‘கான்வெத்’ என்றும் ஸ்காட்லாந்துப் பட்டயங்கள் குறிக்கின்றன.

ஆகவே மாகாணத்துக்குள் அரசரின் சொந்தப் பண்ணைகள் இருந்தன, தேவாலய நிலங்கள் இருந்தன, பிற குலங்களின் நிலங்கள் இருந்தன, இவற்றுக்கு நடுவே ஏர்லின் நிலங்களும் சிதறிக் கிடந்தன. அந்த மாகாணம் முழுவதற்கும் அவருக்கு இருந்த உரிமைகளில் தலையாயது படைத்தலைமை. மாகாணத்தின் பொதுப்படை புறப்பட்டால் அதை நடத்திச் செல்பவர் அவர்தான். இது பிடிபடாதவரை, ஒரு ஏர்லின் மாகாணத்துக்குள் அரசர் ஏன் மடாலயம் கட்ட நிலம் கொடுத்தார் என்பது போன்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காது.

அயர்லாந்திலும் இதே பாடம்தான், இன்னும் கூர்மையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 700ஆம் ஆண்டு அளவில் எழுதப்பட்ட ‘க்ரீத் கவ்லக்’ என்ற சட்டநூல் பிரபுக்களை வரிசைப்படுத்துகிறது. அதன் அளவுகோல் நிலப்பரப்பு அல்ல, ஆதரவாளர்களின் எண்ணிக்கை. கடைசிப் படியில் உள்ள பிரபுவுக்குப் பத்து ஆதரவாளர்கள். உயர்ந்த படியில் உள்ளவருக்கு நாற்பது. பிரபு மாடுகளைக் கொடுப்பார். பெற்றுக்கொண்டவர் ஆண்டுதோறும் உணவுப் பொருளும் உழைப்பும் தந்து அவர் பக்கம் நிற்பார். மனிதரின் மதிப்பை ‘முகத்தின் விலை’ என்ற சொல்லால் அந்தச் சட்டம் அளந்தது. ஒருவரை அவமதித்தாலோ காயப்படுத்தினாலோ செலுத்த வேண்டிய ஈடு அது. முகத்தில் கரி பூசுவது, முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது என்றெல்லாம் சொல்லிப் பழகிய நமக்கு இந்தச் சொல் எளிதில் புரியும். ஒரு தூஅத்தின், அதாவது ஒரு சிறு நாட்டின், அரசருக்கு முகத்தின் விலை ஏழு குமல். குமல் என்றால் அடிமைப்பெண். அச்சொல்தான் நாணயம் புழங்காத சமூகத்தில் மதிப்பளவின் பெயராகவும் ஆனது. அக்காலத்துப் பிரபுக்களின் பெருமையை எழுதும்போது அந்தப் பெண்களையும் நினைவில் வைக்க வேண்டும் என்றுதான் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

மூத்த மகனைத் தேடுவது

படிப்பவர்களை மிக அதிகமாகத் தடுமாற வைப்பது வாரிசு முறைதான். தந்தைக்குப் பின் மூத்த மகன் என்ற கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், கேலிக் தலைவர்களின் பட்டியல் ஓயாத சதியும் கொலையுமாகத் தெரியும். மெக்பெத் அரியணையைத் திருடினார் என்ற எண்ணமும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

கேலிக் சமூகத்தில் தலைமைக்குத் தகுதி பெற்றவர் ஒருவர் அல்லர். ஒரு மூதாதையரின் ஆண்வழியில் நான்கு தலைமுறைக்குள் வரும் உறவினர் வட்டத்துக்கு ஐரிஷ் சட்டத்தில் ‘தெர்வினே’ என்று பெயர். தம்பி, சித்தப்பா மகன், பெரியப்பா பேரன் என்று தகுதி பரவிக் கிடந்தது. அவர்களில் வலிமையும் வயதும் ஆதரவாளர் பலமும் உடையவர் தலைவராவார். தலைவர் உயிருடன் இருக்கும்போதே அடுத்தவரைக் குறித்து வைப்பதும் உண்டு. அவருக்குத் ‘தானிஷ்டெ’ என்று பெயர். இன்றைய அயர்லாந்துக் குடியரசில் துணைப் பிரதமரின் பதவிப் பெயர் இதுவே. இதைத் ‘தேர்தல்’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். அதுவும் பொருத்தமில்லை. எல்லோரும் கூடி வாக்களித்த முறை அல்ல இது. குலத்தின் பெரியவர்களும் ஆதரவாளர்களும் யார் பின்னால் திரண்டார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானித்தது. ஒப்புதல் கிடைக்காத இடத்தில் இரத்தம் சிந்தியது.

மரே குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1020இல் ருவாத்ரி என்பவரின் மகன் ஃபின்லேக் கொல்லப்பட்டார். (இவர் மார் மாகாணத்து ருவாத்ரியின் மகன் அல்லர், அவருக்கு நூறாண்டு முந்தியவரின் மகன்.) அவரைக் கொன்றவர்கள் அவருடைய அண்ணன் தம்பி மக்களே என்கின்றன டைகர்நாக் ஆண்டுக்குறிப்புகள். அவை அவரை மரேயின் மோர்மேர் என்று அழைக்கின்றன. அல்ஸ்டர் குறிப்புகளோ அவரை ஆல்பாவின் அரசர் என்கின்றன. கொன்ற குடும்பக் கிளையைச் சேர்ந்த கில்லே கோவ்கான் பின்னர் மோர்மேராக இருந்தார். 1032இல் அவர் ஐம்பது பேருடன் எரித்துக் கொல்லப்பட்டார். எரித்தவர் யார் என்று ஏடு சொல்லவில்லை. அவருடைய விதவை க்ரூவக்கை மணந்துகொண்டவர் ஃபின்லேக்கின் மகன். அந்த மகன்தான் மெக்பெத்.

1040இல் டன்கன் அரசரைத் தன் மரே மண்ணிலேயே, எல்கின் அருகே, போரில் வீழ்த்தி மெக்பெத் அரியணை ஏறினார். நாடகத்தில் வருவது போல டன்கன் நரைத்த கிழவர் அல்லர். முதிராத வயதில் மாண்டார் என்பதே ஐரிஷ் குறிப்பு. உறங்கும்போது படுக்கையறையில் கொல்லப்படவும் இல்லை. மெக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டார். 1050இல் ரோம் நகருக்கு யாத்திரை போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தார் என்று மரியானஸ் என்ற ஐரிஷ் துறவி எழுதுகிறார். மாதக்கணக்கில் நாட்டைவிட்டு விலகிப் போகக்கூடிய அளவுக்கு ஆட்சி உறுதியாக இருந்திருக்கிறது. அவர் 1057இல் லம்ஃபனன் என்ற இடத்தில் கொல்லப்பட்ட பின் அரியணைக்கு வந்தவர் க்ரூவக்கின் முதல் கணவருக்குப் பிறந்த மகன் லூலாக். அதாவது, தன் தந்தையைக் கொன்ற கிளையின் பிள்ளையை மெக்பெத் தன் வீட்டில் வளர்த்திருக்கிறார். இரண்டு கிளைகளின் உரிமையும் அந்த ஒரு வீட்டில் சேர்ந்திருந்தது. இதைக் காணாதவர் கண்ணுக்குக் கொலைகாரன் மட்டும்தான் தெரிவான்.

இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் மாண்ட ஓங்குஸ் யார்? ஆண்டுக்குறிப்பு அவர் தந்தையின் பெயரைச் சொல்லவே இல்லை. ‘லூலாக்கின் மகளுடைய மகன்’ என்று மட்டும் எழுதுகிறது. ஆண்வழியே எல்லாம் என்று சட்டநூல்கள் சொன்னாலும் தாய்வழியும் உரிமைக்கு ஊன்றுகோலாக நின்றது என்பதை அந்த ஒரு தொடர் காட்டிவிடுகிறது. பக்கனிலும் அப்படியே. கார்த்நைத்துக்குப் பின் மோர்மேராக வருபவர் கொல்பான். டீர் ஏடு அவரைச் சொல்லும் கையோடு கார்த்நைத்தின் மகளும் கொல்பானின் மனைவியுமான ஈவாவையும் சொல்கிறது. நார்மன்கள் வந்த பின்புதான் பெண்வழி உரிமை தோன்றியது என்ற பேச்சும் ஒரு தவறுதான்.

குலத்தலைவரையும் ஏர்லையும் ஒருவராகவே எண்ணுவது

பல தலைமுறைகள் இருவரும் ஒருவராக இருந்தது உண்மை. ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தென்மேற்கில் உள்ள காரிக் மாகாணம் இதற்கு மிகத் தெளிவான சான்று. அதன் ஏர்ல் நீலுக்கு ஆண் வாரிசு இல்லை. ஏர்ல் பட்டம் மகள் வழியில் வேறு குடும்பத்துக்குப் போகப் போகிறது. அந்நிலையில் நீல், காரிக்கின் ரோலண்ட் என்பவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் ஒரு பட்டயம் எழுதிக் கொடுத்தார். ரோலண்டே குலத்தின் தலைவர். ஏர்லுக்குக் கீழ் மாகாணத்தின் ஆட்களைப் படைக்கு நடத்திச் செல்லும் உரிமையும் அவருக்கே. குலத்தலைமையைக் கேலிக் மொழியில் ‘கென் கினெயில்’ என்பார்கள். பட்டயத்தின் லத்தீனுக்குள் அந்தச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1276இல் மூன்றாம் அலெக்சாண்டர் அரசர் இதை உறுதிப்படுத்தினார். பட்டம் ஒரு வழி போனது, குலம் இன்னொரு வழி போனது. பட்டத்தைப் பெற்ற மார்ஜரியின் மகன்தான் பிற்பாடு ஸ்காட்லாந்தின் அரசரான ராபர்ட் புரூஸ்.

அந்த லத்தீன் பட்டயத்தை எழுதியவருக்கு ‘கென் கினெயில்’ என்பதற்கு ஈடான சொல் கிடைக்கவில்லை, அல்லது தேட விரும்பவில்லை. எதுவானாலும் எனக்கு அவர் மீது பெரிய மதிப்பு உண்டு.

தோஷெக்கும் தேனும் ஒன்றல்ல. தோஷெக் குலத்தை முன்னின்று நடத்துபவர். டீர் ஏட்டில் ‘மோர்கன் குலத்தின் தோஷெக்’ என்றே ஒருவர் வருகிறார். தேன் என்பது ஆங்கிலத்திலிருந்து இரவல் வாங்கிய சொல். ஸ்காட்லாந்தில் அது பெரும்பாலும் அரச பண்ணையொன்றின் பொறுப்பாளரைக் குறித்தது. ‘ஃபைஃபின் தேன் மெக்டஃப்’ நாடக மேடையில் உண்டு. வரலாற்றில் மெக்டஃப் குலத்தார் ஃபைஃபின் ஏர்ல்கள்.

கேலிக் பிரபுக்களை நார்மன்கள் துடைத்தெறிந்தார்கள் என்பது

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பின் அங்கே நடந்ததை அப்படியே வடக்கே கொண்டுபோகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஏர்ல் பட்டங்களைப் பொறுத்தவரை நார்மன் குடும்பங்கள் பெரும்பாலும் நுழைந்த வழி திருமணம். 1212ஐ ஒட்டி பக்கனின் வாரிசான மார்ஜரியை மணந்து வில்லியம் கோமின் அதன் ஏர்ல் ஆனார். பழைய கேலிக் மாகாணம் ஒன்றுக்கு அவ்வாறு ஏர்லான முதல் நார்மன் வழியினர் அவர். அது ஓங்குஸ் மாண்டு எண்பது ஆண்டுகள் கழித்து. அதற்குப் பிறகும் ஃபைஃப், ஸ்ட்ராதர்ன், லெனக்ஸ், மார் ஆகிய இடங்களில் பழைய குடும்பங்களே நீடித்தன. மரே மட்டும் விதிவிலக்கு. 1130க்குப் பின் அரசர் அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். 1312இல் ராபர்ட் புரூஸ் அதை ஏர்ல் மாகாணமாக மீண்டும் உருவாக்கித் தாமஸ் ராண்டால்ஃபுக்கு அளித்தார். அந்த ஏர்ல்களைப் பழைய மோர்மேர்களின் தொடர்ச்சியாகப் பட்டியலிடக் கூடாது.

ராஸ் மாகாணத்தின் ஃபெர்ச்சர் இதற்கு நேர் எதிரான வழியில் வந்தவர். ‘பூசாரியின் மகன்’ என்பது அவருடைய கேலிக் பெயரின் பொருள். அரசரின் எதிரிகளை அடக்கி, 1215இல் இரண்டாம் அலெக்சாண்டரிடம் நைட் பட்டம் பெற்று, பிறகு ஏர்லாகவும் உயர்ந்தார். கேலிக் மனிதர்தான், ஆனால் அரசரோடு சேர்ந்து நின்றதால் உயர்ந்தவர். ‘கேலிக் என்றால் அரசருக்கு எதிரி’ என்று பிரித்துப் பார்ப்போருக்கு ஃபெர்ச்சர் எந்தப் பக்கமும் அடங்க மாட்டார்.

பழைய சடங்குகளும் எளிதில் மறையவில்லை. 1249இல் ஏழு வயது மூன்றாம் அலெக்சாண்டர் ஸ்கூனில் அரியணை ஏறியபோது ஒரு மலைநாட்டுப் புலவர் எழுந்து, அரசரின் மூதாதையர் வரிசையைக் கேலிக் மொழியில் ஒப்பித்ததாக வரலாறு சொல்கிறது. அரசரை இருக்கையில் அமர்த்தும் உரிமை ஃபைஃப் ஏர்லுக்கு உரியது. 1306இல் புரூஸ் முடிசூடியபோது ஃபைஃபின் இளம் ஏர்ல் ஆங்கிலேயர் பிடியில் இருந்தார். அக்குலத்துப் பெண் இசபெல்லா தன் கணவரின் குடும்பமான கோமின்களை எதிர்த்து ஸ்கூனுக்கு விரைந்து வந்து அந்தக் கடமையைச் செய்தார். அதற்காக இங்கிலாந்து அரசர் அவரைப் பெரிக் கோட்டையில் கூண்டில் அடைத்து வைத்தார். ஒரு குலத்தின் உரிமை எவ்வளவு கனமானது என்பதை அந்தக் கூண்டு காட்டுகிறது.

ஆர்க்னியின் ஏர்ல்களை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவர்கள் நார்வே மரபினர். ஆர்க்னியை நார்வே அரசரிடமிருந்தும், எதிர்க்கரையில் உள்ள கேத்னஸை ஸ்காட்லாந்து அரசரிடமிருந்தும் பெற்றவர்கள். மேற்குத் தீவுகளின் தலைவர்கள் கேலிக் மக்களே. ஆனால் தீவுகள் ஏர்ல் மாகாணம் அல்ல. கேலிக்கில் அவர்கள் தீவுகளின் ரீ. லத்தீனில் தீவுகளின் பிரபு. பிற்காலத்தில் ராஸ் ஏர்ல் பட்டமும் அவர்களிடம் வந்து, 1475–76இல் பறிபோனது.

அயர்லாந்தின் ஏர்ல்களை எல்லாம் கேலிக் தலைவர்கள் என்பது

அயர்லாந்தில் மோர்மேர் என்ற பதவியே இல்லை. 1014இல் க்ளான்டார்ஃப் போரில் ஐரிஷ் அரசர் பிரையன் போரு பக்கம் நின்று ஒரு மோர்மேர் மாண்டார் என்பது உண்மை. ஆனால் அவர் மார் மாகாணத்திலிருந்து கடல் கடந்து போன டோம்னல்; ஆண்டுக்குறிப்பும் ‘ஆல்பாவில் உள்ள மார்’ என்றே எழுதுகிறது. அயர்லாந்தில் இருந்தவர்கள் ரீக்கள். ஒரு தூஅத்தை ஆண்ட சிறிய ரீ முதல் மாகாணத்தை ஆண்ட பெரிய ரீ வரை பல படிகள்.

அங்கே ஏர்ல் பட்டம் ஆங்கில அரசரின் பட்டம். 1205இல் அல்ஸ்டரின் ஏர்ல் ஹ்யூ டி லேசி, 1316இல் கில்டேர், 1328இல் ஆர்மண்ட், 1329இல் டெஸ்மண்ட்; இப்பட்டங்களைப் பெற்றவர்கள் எல்லோரும் ஆங்கில-நார்மன் குடும்பத்தினர். குழப்பம் எங்கே வருகிறது என்றால், அவர்களில் பலர் கேலிக் பண்பாட்டில் ஊறிப் போனார்கள். டெஸ்மண்டின் மூன்றாம் ஏர்ல் ஜெரால்ட் ஐரிஷ் மொழியில் காதல் கவிதைகள் எழுதியவர். அயர்லாந்தில் வாழும் ஆங்கிலேயர் ஐரிஷ் பேசக் கூடாது என்று கில்கென்னிச் சட்டங்கள் 1366இல் விதித்தன. அதற்கு மறு ஆண்டே அரசரின் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றவர் இந்த ஜெரால்ட். கேலிக் கவிஞர் என்று அவரைச் சொல்லலாம். கேலிக் ஏர்ல் என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டத்தை அவருக்குத் தந்த சட்டம் ஆங்கிலச் சட்டம்.

உண்மையான கேலிக் தலைவர்கள் ஏர்ல்களானது 1542 முதல்தான். நிலத்தை அரசர் எட்டாம் ஹென்றியிடம் ஒப்படைத்து, அதையே அவர் கையால் திரும்பப் பெறும் ஏற்பாட்டின்படி கொன் பாக்கக் ஓ நீல் டைரோனின் ஏர்ல் ஆனார். ‘ஓ நீல்’ என்ற பெயரை விட்டுவிடுவதாகவும் உறுதி கொடுத்தார். இது குடும்பப் பெயர்தானே என்று நாம் நினைப்போம். அங்கேதான் கடைசித் தவறு இருக்கிறது. முன்பெயர் இல்லாமல் ‘ஓ நீல்’ என்று மட்டும் அழைக்கப்படும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. அது அரசர் கொடுத்து வருவதல்ல. டலிஹோக் குன்றில் கல் இருக்கையில் அமர்த்தி, ஓ கேன் தலைவர் அவர் தலைக்கு மேலாகச் செருப்பை வீசிச் சடங்கு முடித்தால் வருவது.

கொன்னின் ஏர்ல் பட்டத்துக்கு வாரிசாக ஆங்கிலச் சட்டம் ஏற்றது மத்தேயுவை. குலம் திரண்டது இன்னொரு மகன் ஷேன் பின்னால். 1558இல் மத்தேயு கொல்லப்பட்டார். 1559இல் கொன் இறந்ததும் ஷேன் டலிஹோக்கில் ‘ஓ நீல்’ ஆனார். ஒரு வீட்டுக்குள் இரண்டு சட்டங்கள் மோதிய கதை இது. அண்ணன் தம்பிப் பகை என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும்.

மத்தேயுவின் மகன் ஹ்யூ இரண்டு பட்டங்களையும் தன்னிடம் சேர்த்தார். ஆங்கிலச் சட்டப்படி டைரோனின் ஏர்ல். 1595இல் ‘ஓ நீல்’. அவர் ஆங்கில அரசை எதிர்த்து நடத்திய ஒன்பதாண்டுப் போரின்போது 1602இல் ஆங்கிலத் தளபதி மவுண்ட்ஜாய் டலிஹோக்குக்குப் போய் அந்தக் கல் இருக்கையை உடைத்து நொறுக்கினார். மறு ஆண்டு ஹ்யூ சரணடைந்தபோது ஏர்ல் பட்டம் அவரிடமே விடப்பட்டது; ‘ஓ நீல்’ என்ற பெயரைத்தான் துறக்கச் சொன்னார்கள். 1607 செப்டம்பரில் அவர் ரத்மல்லன் துறையிலிருந்து கப்பலேறினார். அந்தப் புறப்பாட்டுக்கு ‘ஏர்ல்களின் வெளியேற்றம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. 1616இல் ரோமில் அவர் இறந்தார். அயர்லாந்தின் நான்கு ஆசிரியர் ஆண்டுக்குறிப்புகள் அந்தச் சாவை எழுதும்போது, அவர் முதலில் பாரனாகவும், பிறகு ஏர்லாகவும், அதன் பிறகு ஓ நீலாகவும் அழைக்கப்பட்டதை வரிசையாகச் சொல்கின்றன. ஆனால் அந்தக் குறிப்பு தொடங்கும் சொல் ‘ஓ நீல்’.